தலை சுற்றவில்லை, தரை ஆடுகிறது

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போவதென்றால் சுமார் 1,200 கிலோமீட்டர். (2024-லிருந்து அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பழக்கத்தில் பழைய பெயரே வாயில் வருகிறது.) கடல் நல்ல மூடில் இருந்தால் இரண்டரை நாள், இல்லாவிட்டால் மூன்று நாளையும் தாண்டும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். ஆனாலும் "ஒரு தடவையாவது கப்பல்ல போயிடணும்" என்று ஆசைப்பட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, காலேஜ் படிக்கிற மகன். போகும்போது அப்பாவும் மகனும் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்து, பாட்டிக்கு மாத்திரை கொடுத்து, அந்த ஆடுகிற கப்பலில் ராணி மாதிரி நடந்தவர் அவர்தான். ஊர் திரும்பி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் எல்லோருக்குமே தரை கொஞ்சம் ஆடியது. மறுநாள் காலையில் மற்றவர்களுக்கு நின்றுவிட்டது. அம்மாவுக்கு நிற்கவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. அடுப்பு முன்னால் நின்றால் தரை மேலே ஏறி இறங்குகிறது. குளியலறையில் கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போட்டால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படுத்தால் கட்டில் தொட்டில் ஆகிறது. பாட்டியின் தீர்ப்பு: பித்தம். பக்கத்து வீட்டு அக்காவின் தீர்ப்பு: கண் பட்டிருக்கு, சுத்திப் போடுங்க. அப்பாவின் தீர்ப்பு: "எல்லாம் உன் நெனப்புதான். அதையே நினைச்சுட்டு இருக்காத."

அதற்கப்புறம்தான் அந்தச் சம்பவம். டாக்டரிடம் போவதற்காக அப்பாவின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவுக்கு ஆட்டம் சட்டென்று நின்றுவிடுகிறது! பாவம், அவரே ஆச்சரியப்பட்டு, "ஏங்க, வண்டியில போறப்ப நல்லாவே இருக்குங்க" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. "ஊர் சுத்தினா நல்லா இருக்கும், அடுப்படிக்கு வந்தா மட்டும் தலை சுத்துமா? நல்ல வியாதிடி இது!" அன்றோடு வீட்டில் வழக்கு தள்ளுபடி.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த அம்மாவைப் பொய்க்காரியாக்கிய அதே ஒரு வரிதான் அவர் சொல்வது உண்மை என்பதற்கான முதல் தரச் சாட்சி. வீட்டில் நின்றால் ஆடுகிறது, வண்டியில் போனால் நிற்கிறது, இறங்கினால் திரும்ப ஆடுகிறது. உலகத்தில் தலைசுற்றல் என்ற பெயரில் வரும் பெரும்பாலான கோளாறுகள் வண்டியில் ஏறினால் மோசமாகும். ஏறினால் குறைவது இந்த ஒன்றின் அடையாளம். 2020-ல் பாரனி சொசைட்டி (காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914-ல் நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் பாரனியின் பெயரில் இயங்கும் சர்வதேச மருத்துவர் அமைப்பு) இந்த நோய்க்கான வரையறையை வெளியிட்டது. அதில் இருப்பவை இவை: சுற்றல் இல்லாத ஆட்டம், அது நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும்; பயணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும்; 48 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும்; வேறு நோயால் வந்ததாக இருக்கக்கூடாது; வாகனத்தில் போவது போன்ற அசைவில் தற்காலிகமாகக் குறைய வேண்டும். அந்த அம்மா அப்பாவியாகச் சொன்ன வாக்கியம் அந்தக் கடைசி நிபந்தனையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பெயர் பிரெஞ்சு மொழியில் மால் த தெபார்க்மான். கரையிறங்கிய சீக்கு என்று தமிழில் சொன்னால் போதும். நேற்று இணையத்தில் கிளம்பிய வியாதி இல்லை இது. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு டாக்டர். கப்பலை விட்டு இறங்கிய பிறகும் ஆட்டம் தொடர்வதைப் பற்றி அவர் 1790-களிலேயே தன் ஸூனோமியா புத்தகத்தில் எழுதிவிட்டார். நாள் கணக்கில் இல்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்த நோயாளிகளைப் பற்றி பிரவுன், பலோ என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1987-ல் எழுதினார்கள். அப்புறம் 2020-ல் வரையறை. இருநூறு வருடத்துக்கு மேலாக எழுதி வைத்திருப்பதை இன்னமும் "நெனப்பு" என்று ஒரே சொல்லில் ஊதித் தள்ளுவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். நம் வீடுகளில் அது நிறையவே இருக்கிறது.

சரி, ஏன் ஆடுகிறது?

மெரினாவில் சாயங்காலம் முழுக்க அலையில் நின்றுவிட்டு ராத்திரி வந்து படுத்திருப்பவர்களுக்கு இது ஓரளவு தெரியும். கண்ணை மூடினால் அலை வந்து காலை இழுக்கும். இரவு முழுக்க பஸ்ஸில் வந்து இறங்கினால் படுக்கையும் கொஞ்ச நேரம் பஸ் ஆகிவிடும். அதன் பெரிய அண்ணன்தான் இது. கப்பல் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறது. முதல் நாள் மூளை திணறுகிறது, வாந்தி வருகிறது. அப்புறம் அது கற்றுக்கொள்கிறது: இதோ இந்தப் பக்கம் சாயப்போகிறது, அதற்கு முன்னாடியே உடம்பை அந்தப் பக்கம் சரிசெய்துவிடு. இப்படி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்கூட்டியே ஒரு சரிக்கட்டும் பதிவு எழுத ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் மூன்றாம் நாள் கையில் டீயோடு கப்பலில் நடக்க முடிகிறது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். கடன் முடிந்துவிட்டது, ஆனால் வங்கியில் கொடுத்த உத்தரவு ரத்தாகவில்லை; மாதாமாதம் கணக்கிலிருந்து இ.எம்.ஐ. போய்க்கொண்டே இருக்கிறது. கப்பல் போய்விட்டது, மூளை மட்டும் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது. எதிரில் ஆட்டம் இல்லாததால் அந்தச் சரிக்கட்டலே ஆட்டமாகத் தெரிகிறது. பைக்கில் ஏறினால்? உண்மையிலேயே ஒரு அசைவு வந்துவிடுகிறது, பற்றும் வரவும் டேலி ஆகிறது. (மூளையின் எந்த மூலையில் இந்த உத்தரவு மாட்டிக்கொள்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கணக்கு டேலி ஆகாதது மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.)

பெரும்பாலோருக்கு இந்த உத்தரவு தானாகவே ரத்தாகிவிடும். 1990-களில் இஸ்ரேல் கடற்படை மாலுமிகளிடம் விசாரித்தபோது பத்தில் ஏழு பேருக்கு மேல் தரையிறங்கியதும் ஆட்டத்தை அனுபவித்திருந்தார்கள். சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள், அவ்வளவுதான். ஆகவே "ரெண்டு நாள்ல சரியாகிடும்" என்று சொல்கிற மாமா பொய் சொல்லவில்லை. மூன்றாவது நாள் சரியாகாதபோது என்ன செய்வது என்று மாமாவுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. தெரியாது என்று ஒப்புக்கொள்வதற்குப் பதில் "நெனப்பு" என்கிறார்.

இன்னொன்று. கப்பலில் வாந்தியே எடுக்காதவருக்கும் இது வரும். "கப்பல்லயே நல்லாத்தானே இருந்தே, இப்ப என்ன?" என்ற கேள்வியில் அர்த்தமே இல்லை. கடலுக்கு நன்றாகப் பழகிக்கொண்ட மூளைதான் அந்தப் பழக்கத்தைவிட மறுத்து அடம் பிடிக்கிறது.

இந்தக் குளறுபடியில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. மயக்கம் என்று ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை வேலை வாங்குகிறோம்! சாப்பிடாமல் பஸ் ஸ்டாப்பில் விழுந்தால் மயக்கம். அறை சுற்றினால் மயக்கம். கண் இருட்டிக்கொண்டு வந்தால் மயக்கம். தரை ஆடினாலும் மயக்கம்தான். "டாக்டர், மயக்கமா வருது" என்றதும் டாக்டர் பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், "நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா" என்கிறார். அவரிடம் போன புகார் அது. அதற்கு அவர் வைத்தியம் பார்க்கிறார். படுக்கையில் புரளும்போது சில விநாடி மட்டும் அறை கிர்ரென்று சுற்றுவது காதுக்குள் இருக்கும் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையை ஒரு முறைப்படி திருப்பி வைத்தே பல பேருக்குச் சரிசெய்துவிடலாம். கரையிறங்கிய சீக்கில் எதுவும் சுற்றாது. ஆடும், மிதக்கும், மேலும் கீழும் போகும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் டாக்டரிடம் கொண்டுபோனால் ஒரே மாத்திரைதான் கிடைக்கும்.

அந்த மாத்திரைக்கு வருவோம். தலைசுற்றல் என்றாலே நம்ம ஊரில் எழுதப்படுவது சின்னாரிசின், பீட்டாஹிஸ்டின், புரோமெதசின் வகையறா. மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்னால் சாப்பிட்டால் வாந்தியைத் தடுக்க இவற்றில் சில உதவும், மறுக்கவில்லை. ஆனால் கரையிறங்கிய பிறகு நீடிக்கும் ஆட்டத்துக்கு இந்த ரகம் பொதுவாகப் பலன் தருவதில்லை. பலன் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். நடப்பது என்ன? "இன்னும் ஒரு மாசம் கன்டினியூ பண்ணுங்க." சின்னாரிசினை நீண்ட நாள் சாப்பிட்டால், அதுவும் வயதானவர்களுக்கு, கை நடுக்கம், உடம்பு விறைப்பு என்று பார்க்கின்சன் மாதிரியான தொல்லை வரக்கூடும் என்பது மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது வந்தால் அதற்கு வேறு டாக்டர், வேறு மாத்திரை.

அடுத்தது டெஸ்ட். காது டெஸ்ட் நார்மல். எம்.ஆர்.ஐ. நார்மல். ரத்தம் நார்மல். ஒவ்வொரு நார்மலும் அந்த அம்மாவுக்கு எதிரான ஒரு சாட்சி ஆகிறது. ஸ்கேன் எடுத்தது தப்பில்லை, வேறு ஏதும் இல்லை என்று உறுதி செய்யத்தான் வேண்டும். ஆனால் இந்த நோயில் டெஸ்ட் எல்லாம் பொதுவாக நார்மலாகத்தான் வரும். ஆகவே "எல்லாம் நார்மல், டென்ஷன் குறைங்க" என்பதை ஒரு முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. எம்.ஆர்.ஐ.க்கு ஆயிரக்கணக்கில் செலவு. "எங்கயாவது பயணம் போனீங்களா? வண்டியில போறப்ப எப்படி இருக்கு?" என்று கேட்க எத்தனை ரூபாய் ஆகும்? ஆயிரங்களில் பில் போட்ட இடத்தில் இந்த ஓசிக் கேள்வி ஏன் விட்டுப்போகிறது? கூட்டம் அதிகம், ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம்தான் என்பார்கள். வாஸ்தவம். கேள்விக்கு ஐந்து விநாடி போதும்.

இந்த நோயை உலகம் முழுக்க அதிகம் சுமப்பவர்கள் பெண்கள், அதிலும் 30-லிருந்து 50 வயதுக்குள் இருப்பவர்கள். ஏன் என்பதற்கு ஹார்மோன் உட்படப் பல யூகங்கள் இருக்கின்றன. நம் சமூகத்தில் அதே வயதுப் பெண்கள் சொல்லும் எந்த வலிக்கும் தயாராக இருக்கும் பதில் "டென்ஷன்". இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு இதே ஆட்டம் வந்து "பைக் ஓட்டினா சரியா இருக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் வீட்டில் யாராவது சிரித்திருப்பார்களா?

மனசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. கவலை, தூக்கமின்மை, களைப்பு எல்லாம் ஆட்டத்தைக் கூட்டும். மாதக்கணக்கில் ஆடினால் யாருக்கும் சோர்வும் பயமும் வரும். இந்த நோயாளிகளில் மனச்சோர்வு சாதாரணமாகக் காணப்படுகிறது. வீட்டில் யாரும் நம்பாவிட்டால் அது இரட்டிப்பாகும். வீட்டார் கொடுத்த கவலையையே நோய்க்குக் காரணமாகக் காட்டுவது, வட்டியைக் காட்டி "இதுதான் அசல்" என்று சாதிப்பது போல.

"அபூர்வமான வியாதிப்பா, இதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்பவர்களும் உண்டு. மாதக்கணக்கில் நீடிக்கும் வகை அபூர்வம்தான். எவ்வளவு அபூர்வம் என்பது, கேள்வி கேட்டு எண்ணினால்தானே தெரியும்? கேட்காத வரை எல்லா நோயும் அபூர்வமே. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். வணிகக் கப்பலில் மாதக்கணக்கில் வேலை செய்கிற தமிழர்கள் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பல் விட்டார்கள், சென்னையிலிருந்து 2022-ல் சொகுசுக் கப்பலும் புறப்பட்டது. கடலில் ஏறி இறங்குகிற தமிழர்களுக்குக் குறைச்சல் இல்லை.

சரி, மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது? முதலில் பயத்தை ஒதுக்கி வைக்க ஒரு தகவல்: 48 மணி நேரத்தைத் தாண்டியவர்களிலும் பலருக்கு ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதுவரை படுத்தே கிடக்கக்கூடாது. படுத்தால், கண்ணை மூடினால், அசையாமல் நின்றால்தான் ஆட்டம் அதிகம் தெரியும். நடக்கலாம், வெளிச்சத்தில், தூரத்தில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ பார்த்துக்கொண்டு. ராத்திரி பாத்ரூமுக்கு ஒரு விளக்கு எரியட்டும். தூக்கம் கெடக்கூடாது. செல்போனில் விரலால் தள்ளித்தள்ளிப் படம் பார்ப்பதும், கண்ணைப் பறிக்கும் விளக்கும் கூட்டமுமான கடைகளும் நிறையப் பேருக்கு ஆட்டத்தைக் கூட்டுகின்றன. அடங்கும் வரை தி.நகர் ஷாப்பிங் காத்திருக்கலாம். வண்டியில் போனால் சுகமாக இருக்கிறது என்பதற்காக நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாலும் பயனில்லை, இறங்கியதும் திரும்பிவிடும். இஞ்சி, எலுமிச்சை மேல் குற்றம் ஒன்றும் இல்லை, அவை குமட்டலுக்கு. இங்கே வயிறு ஒன்றும் செய்யவில்லை. "பழகினா சரியாகும், இன்னொரு தடவை கப்பல்ல போ" என்று யாராவது யோசனை சொன்னால் காது கேட்காத மாதிரி இருப்பது உத்தமம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, உருவம் இரண்டாகத் தெரிவது, திடீரென்று காது கேட்காமல் போவது, இதுவரை வராத மாதிரி கடுமையான தலைவலி, நிற்கவே முடியாமல் விழுவது, இதில் எது இருந்தாலும் கப்பலின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்காரக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

ஒரு மாதம் தாண்டினால் நரம்பியல் மருத்துவரையோ, தலைசுற்றலுக்கென்றே தனியாகப் பார்க்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்க வேண்டும். சிலருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும், குளோனசெபாம் போன்றவையும் பலன் தருகின்றன (கடைசியாகச் சொன்னது பழக்கமாகிவிடும் ரகம், கணக்காகத்தான் சாப்பிட வேண்டும்). நியூயார்க்கின் மவுண்ட் சினாயில் 2014-ல் ஒரு முறையைச் சோதித்தார்கள்: சுற்றி நகரும் கோடுகளைப் பார்க்க வைத்து, நோயாளி உணரும் ஆட்டத்தின் அதே வேகத்தில் (பெரும்பாலும் ஐந்து விநாடிக்கு ஒரு ஆட்டம்) தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பது. மூளைக்குக் கொடுத்த பழைய உத்தரவை ரத்து செய்யும் முயற்சி. 24 பேரில் 17 பேருக்கு நல்ல முன்னேற்றம். சிகிச்சை முடித்து வீடு திரும்பும் பயணத்திலேயே சிலருக்கு ஆட்டம் மறுபடி தொற்றிக்கொண்டதும் உண்டு. அதிசய மருந்து எதுவும் கிடையாது. அதிசய மருந்து என்று சொல்லிக் காதுக்கு எண்ணெயும் கைக்குப் பட்டையும் விற்கிறவர்கள் "நெனப்பு" கோஷ்டியைவிட மோசம். முன்னவர்கள் நம்ப மறுப்பதோடு நின்றார்கள், இவர்கள் காசும் பிடுங்குகிறார்கள்.

அந்தக் கற்பனை வீட்டுக்குத் திரும்பினால், மகனுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவனுக்குத் தலைசுற்றல் பற்றித் தெரியாது, படிப்பது வேறு ஏதோ. அடுத்த முறை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போகட்டும். எத்தனை நாள் கப்பலில் இருந்தார். எந்தத் தேதியில் இறங்கினார். ஆட்டம் எப்போது ஆரம்பித்தது. சுற்றுகிறதா, ஆடுகிறதா, பக்கவாட்டிலா, மேலும் கீழுமா. என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், குறைந்ததா. கடைசியில், அப்பா சிரித்த அந்த வாக்கியத்தை அம்மா சொன்னபடியே எழுதி, கீழே ஒரு கோடு: "வண்டியில போறப்ப நல்லாவே இருக்குங்க."